பைக்குள் ஓர் அழிரப்பர் போதும்

சென்ற அக்டோபரில் மாசசூசெட்ஸ் காட்டுப் பாதை ஒன்றில், இடிந்த கல்வேலிக்கு அடியில் மறைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கண்டெடுத்துத் திறந்தேன். உள்ளே, ஈரம் புகாத உறைக்குள் ஒரு சின்ன ஏடு. அதன் ஒரே பக்கத்தில் மூன்று வண்ணத்துப்பூச்சி முத்திரைகள். மூன்றும் ஒரே பூச்சி. அதே சுருண்ட மீசை, இடது சிறகில் அதே நான்கு புள்ளிகள். ஒன்று ஜூனில் அழுத்தியது, ஒன்று ஜூலையில், ஒன்று ஆகஸ்ட் கடைசியில். பக்கத்தில் பெயர் ஏதும் இல்லை. வந்தவர்கள் மூன்று குடும்பத்தாரா, ஒரே குடும்பம் மூன்று தடவை வந்ததா? பெட்டியை அங்கே வைத்தவருக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

அந்த வண்ணத்துப்பூச்சியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். லெட்டர்பாக்ஸிங்குக்குப் புதிதாக வருபவர்களுக்கென்று தயாராகக் கட்டி விற்கும் ஒரு பைக்குள் அது இருந்தது. கூடவே விரல்நீள ஸ்டாம்ப் பேட், கோடுபோட்ட நோட்டு, சாவிக்கொத்தில் தொங்கும் பொம்மைத் திசைகாட்டி, ஒளித்துவைப்பதற்கென ஒரு காலி டப்பா. பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் இப்படிப் பை கொடுப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. கொடுப்பவர்களில் பலர் இதில் பல வருடம் ஊறியவர்கள். "புதியவருக்கு எல்லாம் கையில் தயாராக இருக்க வேண்டும், முதல் நாளே முதல் பெட்டி கிடைத்துவிட வேண்டும், செதுக்கு, அள என்றெல்லாம் சொன்னால் ஓடிவிடுவார்" என்பது அவர்கள் கட்சி. இன்று ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட கட்சியும் இதுதான். இது தவறு. புதியவருக்கு நல்லது செய்வதாக எண்ணிக்கொண்டு, இந்த விளையாட்டில் அவருக்கென்று இருக்கும் ஒரே பங்கை இது பிடுங்கிக்கொள்கிறது.

லெட்டர்பாக்ஸிங்கைப் பற்றிக் கேள்விப்பட்டிராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் காட்டிலோ மேட்டுநிலத்திலோ சிறு பெட்டியொன்றை மறைத்துவைக்கிறார். அதில் ஒரு ரப்பர் முத்திரையும் ஓர் ஏடும் இருக்கும். எங்கே இருக்கிறது என்பதற்குக் குறிப்பு எழுதி வெளியிடுகிறார். தேடிப் போகிறவரிடமும் ஒரு சொந்த முத்திரையும் சொந்த ஏடும் உண்டு. பெட்டி கிடைத்ததும் அதிலுள்ள முத்திரையைத் தன் ஏட்டில் பதித்துக்கொள்வார். தன் முத்திரையைப் பெட்டியின் ஏட்டில் பதிப்பார். பிறகு இருந்த இடத்திலேயே, இருந்தபடியே மறைத்துவிட்டுத் திரும்புவார். பரிசு கிடையாது, போட்டி கிடையாது. இரண்டு முத்திரைகள் இடம் மாறுவதுதான் மொத்த விளையாட்டும். அந்த இரண்டில் ஒன்று கடைச்சரக்காகிவிட்டால் மிஞ்சுவது என்ன?

இதன் தொடக்கத்தைப் பார்த்தால் நான் சொல்வது இன்னும் தெளிவாகும். இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் மாவட்டத்தில் டார்ட்மூர் என்றொரு மேட்டுநிலம் இருக்கிறது. கருங்கல் பாறைகள் தலைநீட்டும் குன்றுகள், கால் வைத்தால் உள்வாங்கும் சதுப்புகள், நொடியில் வந்து மூடும் பனி என்று மனிதரை எளிதில் உள்ளே விடாத நிலம். சாக்ஃபோர்ட் ஊரைச் சேர்ந்த வழிகாட்டி ஜேம்ஸ் பெரட், 1854-இல் அதன் வடபகுதியிலுள்ள கிரான்மியர் குளத்தருகே ஒரு கண்ணாடிக் குடுவையை வைத்தார். குளம் என்று பெயரே தவிர, இன்று அது கரிமண் பள்ளம்தான். அவ்வளவு தூரம் நடந்து போனவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அந்தக் குடுவையில் போட்டுவிட்டு வந்தார்கள். பின்னாளில் சிலர் தங்களுக்கே விலாசமிட்ட தபாலட்டையை விட்டுவர, அடுத்து வருபவர் அதை எடுத்துப்போய்த் தபாலில் சேர்க்கும் பழக்கம் வந்தது. லெட்டர்பாக்ஸ் என்ற பெயர் அதிலிருந்து பிறந்தது. முத்திரை அதற்கும் பின்னால் வந்தது.

பெயர்ச்சீட்டு, விலாசமிட்ட அட்டை, முத்திரை என்று பொருள் மாறிக்கொண்டே வந்தாலும் அது செய்த வேலை மாறவில்லை. "நான் இங்கே வந்தேன், நான் இன்னார்" என்று சொல்வதே அந்த வேலை. வேறொருவர் பெயர் அச்சிட்ட சீட்டை யாராவது பெரட்டின் குடுவையில் போட்டிருப்பார்களா? மூன்று பேர் ஒரே வண்ணத்துப்பூச்சியைப் பதிப்பது அந்தக் காரியத்துக்குச் சமம்.

எதிர்த்தரப்பில் வலுவான ஒரு வாதம் உண்டு. "டார்ட்மூரிலேயே முத்திரைகளைக் கையால் செதுக்குவதில்லை, முத்திரை செய்து தருபவரிடம் கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். பிறந்த ஊரிலேயே இல்லாத கெடுபிடி அமெரிக்காவில் எதற்கு?" என்கிறார்கள். உண்மைதான், டார்ட்மூரில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் கொடுப்பது தாங்களே வரைந்த படத்தை. ஒருவர் தன் நாயை வரைந்து கொடுக்கிறார், இன்னொருவர் தனக்குப் பிடித்த குன்றை. ரப்பரை வெட்டியது இயந்திரமாக இருக்கலாம். படம் அவருடையது, இன்னொருவரிடம் இருக்காது. எனக்கு வேண்டியதும் அதுதான். கத்தி பிடிக்கவே மாட்டேன் என்பவர் படம் வரைந்து கொடுத்து முத்திரை செய்துகொள்ளட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. ஆயிரக்கணக்கில் அச்சான பூச்சியைப் பைக்குள் வைத்து "இதுதான் இனி நீ" என்று புதியவர் கையில் திணிப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

அடுத்த வாதம், செதுக்குவது கடினம் என்பது. இதைச் சொல்பவர்களில் பலர் அருமையாகச் செதுக்குகிறவர்கள். அவர்களுக்கே தங்கள் முதல் ரப்பர் மறந்துபோய்விட்டது. ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினைல் அழிரப்பர் ஒன்று போதும். மென்மையான பென்சிலால் தாளில் படத்தை அழுத்தி வரையுங்கள். தாளை ரப்பர்மேல் கவிழ்த்து, பின்புறம் நகத்தாலோ கரண்டிக் காம்பாலோ தேய்த்தால் பென்சில் கரி ரப்பரில் ஒட்டிக்கொள்ளும். படம் இடம் வலம் மாறி விழுந்திருக்கும், அப்படித்தான் விழ வேண்டும். அச்சிடும்போது மறுபடி மாறி, வரைந்தது வரைந்தபடியே வரும். ரப்பரின் மேலேயே நேராக எழுத்தை எழுதி வெட்டுகிறவர்கள்தான் திரும்பிய எழுத்தோடு நிற்பார்கள்.

வெட்டும்போது கத்தியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். வயல்வரப்பு எப்படி அடியில் அகன்று மேலே குறுகி நிற்கிறதோ, அப்படித்தான் ஒவ்வொரு கோடும் நிற்க வேண்டும். கோட்டுக்கு அடியில் கத்தி குடைந்துவிட்டால் பத்துத் தடவை அழுத்துவதற்குள் அந்தக் கோடு பிய்ந்து போகும். வளைவு வந்தால் கத்தி பிடித்த கை அசையாமல் இருக்க, மற்றக் கை ரப்பரைத் திருப்ப வேண்டும். இதற்குமேல் கற்க வேண்டியதெல்லாம் இரண்டாவது ரப்பருக்கும் மூன்றாவது ரப்பருக்கும் உரியது. முதல் முத்திரைக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

என் முத்திரை ஒரு பனை. தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில் வளர்ந்தவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஒரு தண்டு, ஏழு மட்டை, அடியில் மணலுக்காக நாலு கீறல். மூன்றாவது மட்டை பாதியில் அறுந்துவிட்டது, அப்படியே விட்டுவிட்டேன். நியூ ஹாம்ப்ஷயர் மலைப்பாதையொன்றில் எதிரே வந்த முதியவர் ஒருவரோடு முத்திரை மாற்றிக்கொண்டேன். தேடுவோர் இருவர் வழியில் சந்தித்தால் ஒருவர் முத்திரையை மற்றவர் ஏட்டில் பதித்துக்கொள்வது இங்கே வழக்கம். வைத்த பெட்டி, கண்ட பெட்டி என்பதோடு இப்படி மாற்றிக்கொண்டவற்றையும் தனியாக எண்ணிவைப்பார்கள். அவர் என் பனையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, இது எந்த ஊர் மரம் என்று கேட்டார். ஒரு பாறைமேல் உட்கார்ந்து அரைமணி நேரம் பதநீர், கருப்பட்டி, ஓலைப்பெட்டி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடையது ஒரு மேப்பிள் மரத்தில் சொருகிய வாளி. அவர் வீட்டில் மேப்பிள் நீர் இறக்கிக் காய்ச்சுகிறவர்கள். மரத்திலிருந்து இனிப்பு எடுக்கும் இரண்டு ஊர்க்காரர்கள் அந்த மலையில் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள அந்த இரண்டு ரப்பர் துண்டுகள்தான் காரணம். என் கையில் அன்று கடை வண்ணத்துப்பூச்சி இருந்திருந்தால், அவர் "அழகாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நடந்திருப்பார்.

தயார்ப் பையிலுள்ள மற்றப் பொருள்களும் புதியவரைக் கைவிடுகின்றன. கோடுபோட்ட மெல்லிய தாளில் முத்திரை பதித்தால் மை மறுபக்கம் ஊறிவிடும். ஏடு என்றால் கோடில்லாத கெட்டித்தாளாக இருக்க வேண்டும். சாயமை சீக்கிரம் காயும், ஆனால் ஒரு துளி மழை பட்டால் ஓடும்; நிறமி மை காய நேரமெடுக்கும், காய்ந்தபின் அழுத்தமாக நிற்கும். விரல்நீளப் பேடில் பெரிய முத்திரையை ஒற்றவே முடியாது என்பார்கள். முத்திரையை நிமிர்த்திப் பிடித்துப் பேடை அதன்மேல் தட்டித் தட்டி மை ஏற்றினால் எந்த அளவு முத்திரைக்கும் சின்னப் பேடே போதும். சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் ஆகும் இந்த விஷயம் எந்தப் பையிலும் எழுதியிருப்பதை நான் பார்த்ததில்லை.

திசைகாட்டி விஷயம் இன்னும் மோசம். "திசைகாட்டியே எதற்கு, கைபேசி இருக்கிறதே" என்பது இப்போது ஓங்கி ஒலிக்கும் குரல். செயற்கைக்கோள் வழிகாட்டலோடு பெட்டி தேடும் விளையாட்டு ஒன்று தனியாகவே இருக்கிறது. 2000 மே தொடக்கத்தில், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்துவைத்திருந்த ஏற்பாட்டை அமெரிக்க அரசு நிறுத்தியது. ஓரிரு நாளிலேயே ஒரேகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை மறைத்துவைத்து அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை வெளியிட்டார். அப்படித்தான் ஜியோகேஷிங் பிறந்தது. அதுவும் நல்ல விளையாட்டு, அதன்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் அதில் எண் உங்களை இடத்துக்குக் கூட்டிப்போகிறது. இதில் ஒருவர் எழுதிய சொற்கள் கூட்டிப்போகின்றன. "இரட்டைப் பீச் மரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, 210 பாகையில் 40 எட்டு நட" என்ற குறிப்பைக் கைபேசி வரைபடம் எதுவும் வாசித்துச் சொல்லாது. முதலில் அந்த மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மரத்தைப் பார்க்கத் தெரிய வேண்டும்.

பொம்மைத் திசைகாட்டி அங்கே உதவாது. பாகை அளவு பொறித்து, அடியில் ஒளிபுகும் தட்டுள்ள நல்ல திசைகாட்டி வேண்டும். அதோடு ஒரு பாடமும் வேண்டும். பாஸ்டன் வட்டாரத்தில் காந்த ஊசி மெய்வடக்கிலிருந்து ஏறக்குறைய 14 பாகை மேற்கே விலகி நிற்கிறது. குறிப்பு எழுதியவர் ஊசி காட்டியதையே எழுதினாரா, திருத்தி எழுதினாரா என்று பார்க்காமல் 100 எட்டு நடந்தால் 24 எட்டு தள்ளிப்போய் நிற்பீர்கள். அடர்ந்த காட்டில் 24 எட்டு என்பது வேறு பாறை, வேறு மரம். எட்டு என்பதிலும் சிலர் ஒரு காலடியைக் கணக்கிடுவார்கள், சிலர் இரண்டு காலடியை. புதியவர் தேடித் தேடிச் சலித்து வீடு திரும்பி "இது நமக்கு ஒத்துவராது" என்று சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். செதுக்கச் சொன்னதால் ஓடியவர் ஒருவரை நான் கண்டதில்லை. பெட்டி கிடைக்காமல் விட்டுவிட்டவர்கள் பலரைத் தெரியும்.

கைபேசி பைக்குள் இருக்கட்டும், ஆபத்துக்கு உதவும். அதேபோல, தயார்ப் பைகளில் நான் பார்த்தேயிராத ஒரு பொருளையும் சேர்க்கச் சொல்வேன். அது ஒரு கூர்முனைச் சாமணம். நியூ இங்கிலாந்துக் காடுகளில் மான் உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம். அந்த நோய்க்கே பெயர் கனெக்டிகட்டிலுள்ள லைம் என்ற ஊரிலிருந்துதான் வந்தது. உண்ணியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்கச் சாமணம் வேண்டும். டார்ட்மூர் போகிறவர் வேறொன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். கிரான்மியர் இருக்கும் வடபகுதி ராணுவத்தின் சுடுபயிற்சிக் களத்துக்குள் வருகிறது. சிவப்புக் கொடி பறக்கும் நாளில் அந்தப் பக்கம் அடியெடுத்து வைக்கக்கூடாது. வண்ணத்துப்பூச்சிக்கு இடம் கண்டுபிடித்த பையில் இவற்றுக்கு இடமில்லாமல் போவதுதான் என்னை வருத்துகிறது.

எல்லாவற்றிலும் கெடுதலானது அந்தக் காலி டப்பா. "கண்டெடுத்தால் போதாது, நீங்களும் ஒன்றை ஒளித்துவையுங்கள்" என்று அதன்மேல் ஒட்டியிருக்கும். பை கிடைத்த வாரத்திலேயே ஒரு குழந்தை அதை வீட்டுக்குப் பின்னாலுள்ள காட்டில் ஒளித்துவைக்கிறது. அடுத்த மாதம் மறந்துவிடுகிறது. அதன்பின் அது பெட்டியென்ற பெயருக்குத் தகுதியில்லாத பிளாஸ்டிக் குப்பை. பெட்டி வைப்பவர் அதைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர். ஏடு நிறைந்தால் மாற்ற வேண்டும், மூடி விரிசல் விட்டால் புதிது வைக்க வேண்டும், மரம் விழுந்து வழி மறைந்தால் குறிப்பைத் திருத்த வேண்டும். டார்ட்மூரில் இதற்கு விதிகளே வைத்திருக்கிறார்கள். பழங்காலக் கல்வரிசையிலோ கற்குவியலிலோ கட்டடத்திலோ பெட்டி வைக்கக்கூடாது. சிமெண்ட் பூசி இடம் கட்டக்கூடாது. எடுப்பவருக்கு ஆபத்தான இடத்தில் வைக்கக்கூடாது. 1951-இல் தேசியப் பூங்காவான அந்த நிலத்தில் பெட்டிகள் பெருகிப்போன பிறகு, நிலத்தைக் காப்பாற்ற வந்த விதிகள் இவை. அங்கே நூறு மன்றம் என்று ஒன்று உண்டு. 100 பெட்டிகளைக் கண்டெடுத்தவர்களுக்குத்தான் அதில் இடம். நூறு இடங்களில் மற்றவர்கள் எப்படி மறைத்திருக்கிறார்கள், எது மழையில் நிற்கிறது, எது அழுகுகிறது என்று பார்த்தவரின் கை தானாகவே நிதானமாகிவிடும். நூறு வேண்டாம், ஒரு இருபதாவது கண்டெடுத்துவிட்டுப் புதியவர் தன் முதல் பெட்டியை வைக்கட்டும். அதுவரை டப்பாவைக் கையில் கொடுப்பவர் காட்டுக்குத் துரோகம் செய்கிறார்.

குழந்தைகளைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பவர்களும் உண்டு. ஏழு வயதுப் பிள்ளையிடம் கத்தியைக் கொடுப்பதா என்கிறார்கள். கொடுக்க வேண்டாம். அமெரிக்கப் பெண் சாரணர் அமைப்பில் பிரவுனி எனப்படும் இரண்டாம், மூன்றாம் வகுப்புச் சிறுமியருக்கு லெட்டர்பாக்ஸர் என்றே ஒரு பேட்ஜ் வகுத்திருக்கிறார்கள். அந்த வயதுக்கு இந்த விளையாட்டு ஒத்துவரும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கைவினைக்கான நுரைத்தாளைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒரு கட்டையில் ஒட்டினால் முத்திரை தயார். அதன்மேல் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கோடு போட்டால் அந்தக் கோடு அச்சில் வெள்ளையாக விழும். நம் வீடுகளில் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிச் சாயத்தில் தோய்த்துப் பூ பதிக்காத குழந்தை உண்டா? முத்திரை செய்வது குழந்தைக்கு முடியாத வேலை என்று சொல்பவர் குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு சிறுமி நுரைத்தாளில் வெட்டியது மூன்று காலுள்ள யானை. நான்காவது கால் கட்டையில் அடங்கவில்லை. அந்த யானையை எங்கள் வட்டாரத்துப் பெட்டிகளில் எங்கே பார்த்தாலும் எல்லோருக்கும் அவள் வந்துபோனது தெரியும்.

அமெரிக்காவில் இந்த விளையாட்டு பரவியது 1998 ஏப்ரலில் ஸ்மித்சோனியன் இதழில் வந்த ஒரு கட்டுரைக்குப் பிறகுதான். அதைப் படித்துவிட்டுத் தேடத் தொடங்கியவர்களுக்குத் தயார்ப் பை விற்க யாரும் இருக்கவில்லை. கையில் கிடைத்த ரப்பரைச் செதுக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். இன்று நாம் தேடிப்போகும் பழைய பெட்டிகள் பலவும் அவர்கள் வைத்தவை. புதியவர்களுக்குச் சுமை தாங்காது என்று சொல்கிறவர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

யாருக்காவது ஆரம்பப் பை கட்டிக்கொடுக்கப் போகிறீர்களா? ஓர் அழிரப்பர், கூடவே கெடுத்துப் பழக இன்னும் இரண்டு, ஒரு சின்னக் கத்தி, மென் பென்சில், கறுப்பு மைப் பேட், கோடில்லாத கெட்டித்தாள் ஏடு, பாகை பொறித்த திசைகாட்டி, சாமணம். இவ்வளவு போதும். அதன்பின் ஒரு மாலையில் அவர் வீட்டுக்குப் போய் மேசையில் எதிரே உட்காருங்கள். கத்தியை எப்படிச் சாய்ப்பது என்று ஒருமுறை காட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

ஏற்கனவே தயார்ப் பை பரிசாக வந்திருந்தால், அந்த வண்ணத்துப்பூச்சியை விளையாட்டுச் சாமான் பெட்டியில் போடுங்கள். டப்பாவைச் சமையலறையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றிரவே ஓர் அழிரப்பரை எடுத்து, உங்கள் ஊரையோ உங்கள் வீட்டுப் பூனையையோ செதுக்கிப் பாருங்கள். கோணலாக வந்தாலும் மாற்றாதீர்கள். அதையே கொண்டுபோய் முதல் பெட்டியின் ஏட்டில் அழுத்துங்கள்.